முடங்கிய முட்டியும் ஏழரைச் சனியும்

முடிச்சூர், தாம்பரம் பக்கங்களில் மூட்டு மாற்று ரண சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களை நம் ஜனங்கள் என்ன செய்கின்றார்கள்? 'அசையாதே' என்று கட்டிலில் கிடத்துகின்றார்கள். இரண்டு மாதத்தில் முட்டி மடங்காமற் போனால், பாதிப் பழியை டாக்டர் மீதும் மீதியை ஏழரைச் சனி மீதும் போட்டுவிட்டுப் பரிகாரத்திற்குத் திருநள்ளாறு புறப்படுகின்றார்கள்.

தோழர்களே! கத்தி செய்வது பாதி வேலைதான். அசைவில்லாத தொடைச் சதை சில நாட்களிலேயே மெலிகின்றது. மூட்டைச் சுற்றித் தழும்பு இறுகுகின்றது. காலில் இரத்தம் உறையவும் கூடும். அதனாலேயே சிகிச்சையன்றோ மறுநாளோ எழுப்பி நடக்கவைக்கின்றார்கள். இதில் சனிக்கு என்ன வேலை?

வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலற்றுப் போனார். தலையெழுத்தென்று படுத்துவிட்டாரா? சக்கர நாற்காலியிலிருந்தபடியே, முன்ஜன்மப் பாவமென்று ஒதுக்கப்பட்ட தொழுநோயாளிகளின் கைகளுக்கு ரண சிகிச்சை செய்தார். அக்கைகளும் சிகிச்சைக்குப் பின் பயிற்சியினாலேயே பிடிக்கக் கற்றன.

'ஏழை தினம் ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா?' என்றால், அது நியாயமான கேள்வியே. 2021-ல் தமிழ்நாடு சர்க்கார் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிஸியோதெரபியை வீட்டிற்கே கொண்டுவரும் திட்டம். அதைக் கேட்டு வாங்குங்கள். வராவிட்டால் ஏன் வரவில்லையென்று அதிகாரிகளைக் கேளுங்கள். சனீஸ்வரனை எவரும் அப்படிக் கேட்க முடியாது.

வலிக்கிறதென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். பயிற்சியை மட்டும் நிறுத்தாதீர்கள். முட்டியை மடக்க வேண்டியவர் முட்டிக்கு உடையவரேயன்றி, எந்தக் கிரகமும் அல்ல.