எங்கம்மாவுக்கு என்ன தெரியாது?

ஒவ்வொரு வருசமும் ஜூன் 12 அன்று பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி உறுதிமொழி எடுக்க வைக்கிறார்கள். குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள். சங்கரன்கோவில் பக்கத்தில் அப்படியொரு கூட்டத்தில் பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசிய அதிகாரி சொன்னார்: "காலனி சனங்ககிட்ட விழிப்புணர்வே இல்லைங்க. பெத்த பிள்ளையவே புரோக்கர்கிட்ட வித்துருதாங்க." மேடையில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். கீழே பெண்கள் வரிசையில் எங்கம்மா உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு என்ன தெரியாது என்பதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

2006இல் நான் பன்னிரண்டாவது முடித்திருந்தேன். தங்கச்சி பத்தாவது எழுதியிருந்தாள், வயது 15. புரோக்கர் எங்க தெருக்காரர்தான், மாமா முறை. கையில் வழவழப்பான நோட்டீசு. மூணு வருசம் ஸ்பின்னிங் மில்லில் வேலை, விடுதி, சாப்பாடு, டிவி, முடிவில் மொத்தமாக 40,000 ரூபாய். நோட்டீசின் உச்சியில் தாலிக்கொடி படம். 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். சில மில்களில் இதற்கே மாங்கல்யத் திட்டம் என்று பெயர். எம்.ஏ. தமிழ் படித்தவள் என்பதால் சொல்கிறேன், சேரிப் பிள்ளையின் கூலியைப் பிடித்து வைப்பதற்கு இதைவிடப் புனிதமான சொல் எந்த நிகண்டிலும் கிடைக்காது. 1961இலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் போட்ட நாட்டில், வரதட்சணைக்குச் சேர்த்துத் தருகிறோம் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒருத்தனும் ஏனென்று கேட்கவில்லை.

எங்கம்மா கேட்டாள். "மாசாமாசம் முழுசா குடுத்தா என்னவாம்? எம்பிள்ள சம்பாத்தியத்த மூணு வருசம் அவன் எதுக்கு வச்சிருக்கணும்?"

பண்ணையாளின் மகள் அவள். கைநாட்டு. அவள் கேட்ட அந்தக் கேள்விதான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் மொத்த சாரமும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று உச்சநீதிமன்றம் 1982இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைப் படித்த அதிகாரிக்கு வராத கேள்வி அவளுக்கு வந்தது. புரோக்கர் மாமா சிரித்து மழுப்பினார்.

தெரிந்தும் ஏன் அனுப்பினாள்? மேல்நிலைப் பள்ளிக்குப் போக ஊர்த்தெரு வழியாக நடந்து பஸ் ஏற வேண்டும். அந்தத் தெருப் பயல்கள் எங்கள் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவான்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஐயாவுக்கு வயிற்று ஆபரேஷனுக்கு வாங்கிய கந்துவட்டி ஒருபக்கம். இன்னொருபக்கம் நான். எனக்குக் காலேஜ் அட்மிஷன் கார்டு வந்திருந்தது. "வேற என்ன வழி, நீயே சொல்லு" என்று அம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

பல்லடம் தாண்டி ஒரு மில். பெயர் வேண்டாம், எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். வயசுக்கு ஒரு டாக்டர் சான்று, பதினெட்டு என்று. டாஃபர் வேலையில் ஆரம்பித்து சைடர் ஆக்கினார்கள். நூல் அறுந்தால் ஓடிப்போய் ஒட்ட வேண்டும், எட்டு மணி நேரமும் நடை, ஆள் குறைந்தால் அடுத்த ஷிப்டும் அவளே. வயதுவந்தோராகச் சான்று பெற்றிருந்தாலும் 18 வயதாகாத பெண்ணை மாலை ஏழு மணிக்கு மேல் தொழிற்சாலையில் வைத்திருக்கக்கூடாது என்றது அன்று நடப்பிலிருந்த 1948ஆம் வருசத் தொழிற்சாலைச் சட்டம். இவள் பாதி வாரம் ராத்திரி ஷிப்டு. கேட்டைத் தாண்ட முடியாது. வாரத்துக்கு ஒரு போன், வார்டனம்மா பக்கத்தில் நிற்பார். "நல்லாருக்கேன்க்கா" என்பாள். அந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் சங்க இலக்கியத்தில் தலைவியின் துயரத்துக்கு மெய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்.

32 மாசத்தில் பஞ்சுத் தூசியில் நெஞ்சு அடைத்து, தீட்டு நிற்காமல் போய், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பணம்? மூணு வருசம் முடிக்கவில்லையே, கிடையாது. கணக்குப் போட்டால் மாசம் ஆயிரத்துச் சொச்சம் அவள் கூலியிலிருந்தே பிடித்தது, 35,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. எங்க தாத்தா பண்ணையில் அடிமையாகக் கிடந்ததற்கு அவர் வாங்கிய கடன் காரணம். என் தங்கச்சி மில்லில் கிடந்ததற்கு மில் அவளுக்குத் தரவேண்டிய கடன் காரணம். கடன் கொடுத்தவளே அடிமையாகக் கிடக்கிற விந்தையை நவீன முதலாளியும் பழைய சாதியும் சேர்ந்துதான் கண்டுபிடிக்க முடியும். 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு வெளியிட்ட 'கேப்சர்டு பை காட்டன்' அறிக்கை, இத்திட்டத்தில் இருந்த பெண்களில் ஏறக்குறைய 60 சதம் தலித்துகள் என்றது. ஐரோப்பாவில் சட்டை வாங்குகிறவனுக்கு அது தெரிந்தபிறகுதான் இங்கே நோட்டீசிலிருந்து தாலிக்கொடி காணாமல் போனது.

ஆகவே விழிப்புணர்வு வேண்டும்தான். ஆனால் யாருக்கு? சேரியின் குட்டிச்சுவரில் 'குழந்தைகளை வேலைக்கு அனுப்பாதீர்' என்று எழுதுகிற பெயிண்டை ஏன் மில் கேட்டில் எழுதக்கூடாது? தலைக்கு இவ்வளவு என்று புரோக்கருக்குக் கமிஷன் கொடுக்கிற மானேஜருக்கு ஒரு பயிற்சி முகாம் ஏன் கிடையாது? பட்டியல் சாதியாரைக் கட்டாய உழைப்பில் வைப்பது 1989ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் பிரிவில் ஒரு மில் மீது வழக்குப் பதிந்ததை என் பத்து வருச இயக்க வேலையில் நான் பார்த்ததில்லை. தாய் விற்றாள் என்று சொல்லிவிட்டால் வாங்கியவனைத் தேட வேண்டியதில்லை, அவ்வளவுதான் சங்கதி.

நம்ம ஆட்களையும் விட்டுவிட முடியாது. இரட்டைக் குவளைக்கு எதிராக மறியலில் உட்கார்ந்து அடிவாங்கிய தோழர், மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பத்து பவுன் கேட்டார். "ஊர் வழக்கம்தானே" என்றார். எந்த ஊரின் வழக்கம் தோழர்? அந்தப் பத்து பவுனைச் சேர்க்கத்தான் ஒரு பிள்ளை மில்லுக்கு வண்டி ஏறுகிறது. அம்பேத்கர் படத்துக்குக் கீழேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள், நானும் அங்கே கேசரி சாப்பிட்டேன்.

இப்போது மறுபடியும் எங்க தெருவுக்கு நோட்டீசு வந்திருக்கிறது. 'மகளிர் திறன் பயிற்சி, இலவச விடுதி, பயிற்சி முடிவில் ஊக்கத்தொகை.' மாமா செத்துப்போனார், அவர் மகன் கொண்டுவருகிறான், மோட்டார் சைக்கிளில். தங்கச்சி மகள் ஒன்பதாவது படிக்கிறாள். தங்கச்சி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முடிவுல தாரம்னு போட்டிருக்கான்க்கா, அதே ஆளுதான்" என்றாள். பிறகு இருமினாள்.

அவளும் நானும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தோம். வாங்கிய எழுத்தர் கேட்டார்: "பெத்தவங்க சம்மதத்தோடதானம்மா போறாங்க?" பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவில், ஆள் கடத்தல் குற்றத்தைத் தீர்மானிக்கக் கடத்தப்பட்டவரின் சம்மதமே பொருட்டில்லை என்று எழுதியிருக்கிறது. அப்புறமென்ன பெற்றவர்கள் சம்மதம்? அந்தப் பக்கத்தை நகலெடுத்து மனுவோடு சேர்த்துக் குத்தச் சொன்னேன். குண்டூசி இல்லையென்றார். தங்கச்சி தன் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள்.

ரசீது என்னிடம் இருக்கிறது. உங்கள் ஊர்ப்பக்கம் இதே மாதிரி நோட்டீசு வந்திருந்தால், கிழித்துப் போட்டுவிடாமல் இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். பின்பக்கம் புரோக்கரின் செல் எண் இருக்கும், அதுதான் முக்கியம்.