பூநாரைக்கு எத்தனை மி.மீ. லென்ஸ் வேண்டும்?



ஐப்பசி பிறந்தால் போதும், என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான். "சார், பழவேற்காட்டுக்கு ஃபிளமிங்கோ வந்தாச்சா? எந்த லென்ஸ் எடுத்துட்டு வரணும்?" கேட்பவர்களில் பாதிப் பேர் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறவர்கள். மீதிப் பேர் நம் குப்பத்துப் பிள்ளைகள், விசேஷ வீடுகளில் படமெடுத்துப் பிழைக்கலாம் என்று டிஎஸ்எல்ஆர் வாங்கியவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் மொத்தமாக எழுதுகிறேன். பதிவு நீளம், டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் காசு விஷயம். நம்மிடம் படித்த பையன் ஒருவன், 150-600 லென்ஸை மாதத் தவணையில் எடுக்கப்போவதாகச் சொன்னான். அப்பா கடலுக்குப் போகிறவர். வலைக்கும் இன்ஜினுக்கும் வாங்கிய கடனே இன்னும் வீட்டில் நிற்கிறது. "வேண்டாம்டா" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கோபித்தாலும் பரவாயில்லை, இங்கேயும் அதையேதான் சொல்கிறேன். அவனுக்கு வருமானம் தருவது கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. மண்டபத்துக்குள் 600 மி.மீ. வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கே வேண்டியது வெளிச்சத்தை உள்ளே விடுகிற லென்ஸ். 50 மி.மீ. எஃப் 1.8 போதும். கேனானிலும் நிக்கானிலும் இருப்பதிலேயே விலை குறைந்த லென்ஸ்களில் அது ஒன்று. கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 55க்குத் தள்ளினால் எஃப் 5.6தான் கிடைக்கும். அதோடு ஒப்பிட்டால் எஃப் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை விடும். மங்கலான மண்டபத்தில் ஐஎஸ்ஓவைக் கண்டபடி ஏற்றி, மணமகள் முகத்தில் புள்ளி புள்ளியாக வரவழைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பேர் நிற்கும்போது எஃப் 1.8லேயே எடுக்காதீர்கள். மாப்பிள்ளை தெளிவாக இருப்பார், பெண் மங்கிவிடுவாள், பாக்கிப் பணம் கைக்கு வராது. 2.8 அல்லது 4 வையுங்கள்.

நிக்கான் டி3000, டி5000 வரிசைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 'டி' வகை 50 மி.மீ. விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 'ஜி' வகை என்று கேட்டு வாங்குங்கள்.

"டிஎஸ்எல்ஆர் காலம் முடிஞ்சிடுச்சே சார், மிரர்லெஸ் வாங்கட்டுமா?" என்றும் கேட்கிறார்கள். முடிந்தது உண்மைதான். தன் உச்ச வரிசை டிஎஸ்எல்ஆரில் 1டி எக்ஸ் மார்க் 3தான் கடைசி என்று கேனானே 2021ல் சொல்லிவிட்டது. நமக்கு அதனால் லாபம்தான். எல்லோரும் புதிதுக்கு ஓடுவதால் நல்ல பாடிகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று பாருங்கள். லென்ஸின் பின்பக்கமாக செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள்.

இப்போது பூநாரைக்கு வருவோம். 70-300 லென்ஸ் ஒன்று இருந்தால் போதும் என்பது என் கட்சி. நம்முடைய சின்ன சென்சார் கேமராவில் அது 450, 480 மி.மீ. பார்வையைத் தரும். "பறவை சின்னதாத் தெரியுது சார்" என்பார்கள். தெரியட்டுமே! இருபது பறவை வரிசையாகத் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்கிறது, பின்னால் ஒரு பாய்மரத் தோணி. அது பழவேற்காடு. கண்ணும் அலகும் மட்டும் நிறைந்த படத்தை மிருகக்காட்சி சாலையிலும் எடுக்கலாம்.

இன்னொன்று. பத்து மணிக்கு மேல் வந்து எடுத்துவிட்டு, "படம் ஷார்ப்பா இல்ல, லென்ஸ் சரியில்ல" என்று புலம்புகிறவர்கள் அதிகம். லென்ஸில் குறை இல்லை, நடுவில் இருக்கும் காற்றில்தான் குறை. நம் ஏரிக்குச் சராசரி ஆழமே ஒரு மீட்டர் சுமார்தான். வெயில் ஏற ஏறச் சேறும் நீரும் சூடாகிக் காற்று நெளியும். அந்தக் கானலின் ஊடே எத்தனை லட்ச ரூபாய் லென்ஸ் வைத்தாலும் நெளிந்த பறவைதான் கிடைக்கும். ஆறு மணியிலிருந்து எட்டரை வரைதான் வேலை. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஷட்டர் வேகம் நிற்கும் பறவைக்கு 1/500, பறப்பதற்கு 1/1600க்குக் குறையாமல். வெள்ளைப் பறவைகள் படத்தை நிறைத்தால் கேமரா ஏமாந்து சாம்பலாக்கிவிடும், வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கருத்த நீரில் ஒற்றைப் பறவை என்றால் எதிர்மாறு, குறையுங்கள். இல்லாவிட்டால் சிறகில் ஒரு இறகு கூடத் தெரியாமல் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும்.

பறப்பதை எடுக்கும் ஆசையில்தான் அநியாயம் நடக்கிறது. படகுக்காரருக்கு நூறோ ஐந்நூறோ கூடக் கொடுத்துக் கூட்டத்துக்குள் ஓட்டச் சொல்கிறார்கள். பூநாரை காக்கை மாதிரி சட்டென்று எழும்பாது. தண்ணீர்மேல் சில எட்டு ஓடித்தான் எழும்பும். மேய வந்த இடத்தில் ஒரு நாளைக்கு நாலு தடவை இப்படி விரட்டினால், தின்றதெல்லாம் ஓடுவதற்கே சரியாகப் போகும். தலை கவிழ்ந்திருந்த பறவைகள் ஒன்றாக நிமிர்ந்து, உங்களுக்கு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கினால் நீங்கள் அளவுக்கு மீறி வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே உட்காருங்கள். அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் மேய்ந்துகொண்டே அவையே பக்கத்தில் வரும். 36 படம் மட்டுமே உள்ள ஃபிலிம் ரோலில் பழகியவர்களுக்கு இந்தப் பொறுமை தானாக இருந்தது. இன்று நொடிக்கு ஐந்து படம்!

படகு விஷயத்தில் இன்னும் ஒன்று. 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊர் அதை மறக்கவில்லை. நல்ல படம் கிடைக்கும் என்று எழுந்து ஓரத்துக்கு எல்லோரும் சாய்கிறீர்களே, அந்த நேரத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கும். மேலும் ஏரி காலி மைதானம் அல்ல. பாடு முறைப்படி இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்துத்தான் சுத்து வலை கட்டுகிறார்கள். முறை வருவதற்காகக் காத்திருந்தவரின் நாளில் உங்கள் மோட்டார் வலையைக் கிழித்தால், அவருடைய அந்த நாள் போச்சு. இது சரணாலயம் என்பதையும் நினைவில் வையுங்கள். பறவையைச் சீண்டுவது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், ஏரிக்கு அந்தப்புறம் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம் இருக்கிறது!

எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் வேறு. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். நனைந்த சேலையோடு வேலை செய்யும் அந்த அம்மாவைக் கரையிலிருந்து பெரிய லென்ஸ் போட்டு எடுத்து, போட்டிக்கு அனுப்புகிறார்கள். அவருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் அக்காவைக் குளிக்கும் துறையில் ஒருவன் இப்படி எடுத்தால் சும்மா விடுவீர்களா? இதற்கு 18-55 போதும். பக்கத்தில் போங்கள். "அம்மா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். சரி என்றால் எடுத்துக் காட்டுங்கள், அடுத்த முறை வரும்போது 4க்கு 6 அளவில் ஒரு பிரிண்ட் கொண்டுவந்து கொடுங்கள். பிரிண்டுக்கு ஆகும் செலவு ஒரு டீக்கும் வடைக்கும் ஆவதுதான். ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள், காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள். இதெல்லாம் நம் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்காரர்களுக்குத்தான்.

கடைசியாக உப்பு. லைட்ஹவுஸ் பக்கம் கடற்காற்றில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காமல் இருபது நிமிடம் விடுங்கள், இல்லையென்றால் கண்ணாடி வியர்க்கும். வீட்டுக்குப் போனதும் முதலில் ஊதுபந்தால் மணலை ஊதித் தள்ளுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். உலர்ந்த உப்பை அப்படியே தேய்த்தால் லென்ஸின் பூச்சு கீறிவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசியில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும்.

தை மாதம் வருகிறவர்கள் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். பறவை எந்தப் பக்கம் மேய்கிறது என்று கேட்டு வைக்கிறேன். தவணை லென்ஸ் தம்பிக்கு: என் 70-300 அலமாரியில் சும்மாதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொண்டு போ. டப்பாவோடு திருப்பிக் கொடுக்க வேண்டும்.