சூத்திரமும் எழுத்தும்

அட்சரகணித வகுப்பில் நெடுங்காலமாக வழங்கிவரும் வினாக்களுள் ஒன்று இது: ஓர் உருளையின் ஆரத்தை நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டி, உயரத்தை நூற்றுக்குப் பத்து வீதம் குறைத்தால் அதன் கன அளவு யாதாகும்? கூட்டியதும் குறைத்ததும் சரியாய்ப் போயின, மாறுதல் இல்லை என்று விடை எழுதுவோர் ஒரு சாரார். அவர்கள் ஒருமுறை மதிப்பெண் இழந்தால் மறுமுறை விழிப்புடன் இருப்பர். யாம் கவலுவது சரியான விடை எழுதும் மற்றொரு சாராரைக் குறித்தே.

இவர்கள் ஆரம் 7 என்றும் உயரம் 10 என்றும் தாமே வைத்துக்கொள்கின்றனர். (7 ஏன் எனில், 22/7 என்பதோடு அடிபட்டுப்போகும் என்ற பழம் பாசந்தான்.) பின்னர் இரண்டு கன அளவுகளையும் கண்டு, கழித்து, வகுத்து, ஒரு பக்கம் நிறைய எழுதி, நூற்றுக்கு 8.9 வீதம் கூடிற்று என முடிக்கின்றனர். விடையில் பிழையில்லை. ஆயினும், ஆரம் 7 அன்றி 70 ஆயின் விடை மாறுமோ என்று வினவினால் திகைக்கின்றனர். ஆரம் சூத்திரத்தில் இருமுறை பெருக்கப்படுகின்றது, உயரம் ஒருமுறை. ஆகவே 1.1 × 1.1 × 0.9 = 1.089. ஒரே வரி, எவ்வுருளைக்கும் பொருந்தும். இலக்கத்தை விட்டு எழுத்தை ஆளக் கற்றதே இதற்காகவன்றோ? எழுத்தைக் கண்டவுடன் இலக்கத்தைத் தேடி ஓடுவது, அட்சரகணிதத்தைக் கற்றும் கல்லாமையே ஆகும்.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய நுணுக்கமன்று. பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் என்பார் 1840ஆம் ஆண்டையொட்டி நுண்குழாய்களில் நீரை ஒழுகவிட்டு ஆராய்ந்தார். அழுத்தமும் நீளமும் மாறாதிருக்க, ஒழுகும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது எனக் கண்டார். ஆரம் பாதியானால் ஒழுக்கு பாதியன்று, பதினாறில் ஒரு பங்கு. ஆரத்தில் பத்திலொரு பங்கு குறைந்தாலே ஒழுக்கில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விடுகின்றது. உயிருள்ள இரத்தக் குழாய் கண்ணாடிக் குழாய் அன்று; அங்குக் கணக்கு இத்துணை எளிதாக அமையாது. எனினும், குழாய் சிறிதே குறுகினும் மருத்துவர் அஞ்சுவதேன் என்பதை இந்நான்காம் அடுக்கு விளக்கும். நாளை மருத்துவம் பயிலப்போகும் மாணவன் ஏதோ ஓர் ஆரத்தை வைத்துக்கொண்டு கணக்கிட்டே இதனை அறிய வேண்டுமாயின் இரங்கத்தக்கது.

கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலும் இத்தகைய சிந்தனையே உண்டு. உடலின் ஒவ்வோர் அளவும் இருமடங்கானால் எடை எண்மடங்காகும். எலும்பின் குறுக்குப் பரப்போ நான்மடங்கே ஆகும். ஆதலின் பூதாகாரமான விலங்குக்கு எலும்பு அளவுக்கு மிஞ்சித் தடித்திருத்தல் வேண்டும். இதனைக் காண அவ்விலங்கின் எடை எத்தனை மணங்கு என்று அறிய வேண்டுவதில்லை.

மடங்கு பார்க்கும் இம்முறை எல்லாச் சூத்திரத்துக்கும் செல்லாது என்பதும் உண்மையே. சென்டிகிரேட் 20 பாகை பாரன்ஹீட்டில் 68. 40 பாகையோ 136 அன்று, 104. கூட்டப்படும் 32 குறுக்கே நிற்கின்றது. ஆதலாற்றான் சூத்திரத்தின் வடிவை முதலில் உற்றுநோக்க வேண்டும் என்கிறோம்.

வினாத்தாள் வகுப்போர் மனம் வைத்தால் இவ்வழக்கம் மாறும். ஊசலின் அலைவு நேரம் இருமடங்காக அதன் நூலை எத்தனை மடங்கு நீட்ட வேண்டும் என்று, நீளத்தையும் கொடாமல், புவியீர்ப்பின் அளவையும் கொடாமல் கேட்கட்டும். நான்கு என்று எழுத இடமும் அதிகம் வேண்டா.