பூட்டிய அலமாரியும் படிக்காத பிள்ளைகளும்

"நம் பிள்ளைகள் தமிழ் நூல்களைத் தொடுவதே இல்லை" என்னும் புலம்பல் ஒலிக்காத சங்க மேடை ஒன்றையேனும் யாம் இதுவரை கண்டதில்லை. ஆண்டு விழாவில் தலைவர் புலம்புவார்; செயலாளர் வழிமொழிவார்; சிறப்புச் சொற்பொழிவாளர் தொலைக்காட்சியின் மீதும் கைப்பேசியின் மீதும் பழியனைத்தையும் சுமத்திவிட்டுப் பொன்னாடையுடன் இறங்குவார். அதே வேளையில், மேடைக்குப் பின்னுள்ள அறையில் சங்கத்தின் நூல் அலமாரி பூட்டிக் கிடக்கும். சாவி பொருளாளரிடம் இருக்கும். பொருளாளரோ ஊரில் இரார்.

இந்தப் புலம்பலில் நேர்மை இல்லை என்பதே எம் கருத்து. படிக்க மறுக்கும் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன், அப்பிள்ளையின் கையில் நாம் எதைக் கொடுத்தோம், எப்படிக் கொடுத்தோம் என்று ஒருமுறை கணக்குப் பார்த்தல் வேண்டாவா?

ஆனைகட்டியின் நிலையையே எடுத்துக்கொள்வோம். இப்பால் கோவை மாவட்டம். கொடுங்கரைப் பள்ளத்தைக் கடந்தால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, மலபாரோடு சேர்ந்திருந்த பாலக்காட்டுப் பகுதி சென்னை மாநிலத்தினின்று பிரிந்து கேரளத்தில் இணைந்தது. தெற்கே தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அவ்வெல்லைக்கு அப்பால் பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பங்களில் வளரும் பிள்ளை வீட்டில் தமிழைக் காதால் கேட்கிறது; பள்ளியிலோ பெரும்பாலும் மலையாளத்தையோ ஆங்கிலத்தையோ கண்ணால் படிக்கிறது. தமிழ் எழுத்தை அது ஒவ்வொன்றாகக் கூட்டியே வாசிக்கும். அவ்வாறு வாசிப்பவனுக்கு ஒரு பக்கம் என்பது ஒரு மேடு. மூச்சு வாங்க ஏறிச் சென்றால் அப்புறத்தில் காண ஏதேனும் இருக்க வேண்டாவா? நாமோ அவன் கையில் உரையுடன் கூடிய அறநூலைத் திணித்துப் பத்துப் பாட்டை ஒப்பிக்கச் சொல்கிறோம். ஒப்பித்தால் எவர்சில்வர் டம்ளர் பரிசு. தவறினால் அத்தனை உறவினர் முன்னிலையிலும் தலைகுனிவு. இதற்கு "இலக்கியப் போட்டி" என்று பெயர்!

எம் நண்பர் ஒருவரின் மகன் இத்தகைய போட்டிகளில் மூன்றாண்டு அடிபட்டவன். தமிழ்ப் புத்தகத்தைக் கண்டாலே அறையை விட்டு எழுந்து போய்விடுவான். ஒரு கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுப் பரணில் அவனுடைய மாமா சேர்த்து வைத்திருந்த பழைய முத்து காமிக்ஸ் கட்டு ஒன்று அவனிடம் சிக்கியது. மின்சாரம் பாய்ந்தால் கண்ணுக்கு மறைந்துபோகும் இரும்புக்கை மாயாவி அடுத்து என்ன செய்தான் என்று தெரிந்தாக வேண்டுமே! எழுத்துக் கூட்டினான்; படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகித்தான்; கட்டு தீர்வதற்குள் கூட்டிப் படிப்பதும் தீர்ந்துவிட்டது. பின்னர்ப் பாட்டியின் தொடர்கதைத் தொகுப்புகளுக்கு வந்தான். தந்தையாரோ, "கண்ட குப்பையைப் படிக்கிறான்" என்று எம்மிடம் முறையிட்டார்.

குப்பையா? 1972-இல் சிவகாசியிலிருந்து புறப்பட்ட அந்தப் படக்கதைகளும், 1947-இல் தோன்றி இன்று நின்றுபோன அம்புலிமாமாவும் எத்தனை ஊர்களில் எத்தனை பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பைப் பழக்கின என்பதை இந்தச் செந்தமிழ்க் காவலர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வந்தபோது, இதழுக்காக வாசலில் காத்திருந்தோர் எல்லாம் பண்டிதர்களா? அவர்களுள் பலர் அதன்பின் கல்வெட்டு வரலாறு வரை தேடிச் சென்றனர். முதற்படியை இடித்துவிட்டு மாடிக்கு ஏறச் சொல்வது எவ்வகை நியாயமோ, யாம் அறியோம்.

நூலே எட்டாத காட்டிற்குள்ளும் வாசகர் உண்டாயினர் என்பதற்குச் சான்று, இதே மலைத்தொடரில் தெற்கே இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. மூணாற்றுக்கு அப்பால் அடர்வனத்துள் அமைந்த இடமலைக்குடியில் வாழ்வோர் முதுவர் என்னும் பழங்குடியினர். மதுரையிலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்று கூறிக்கொள்வோர். அவ்வகையில் நமக்கு மூத்த குடிபெயர்ந்தோர். அங்கே பி.வி. சின்னத்தம்பி என்பவர் ஒரு சிறு தேநீர்க் கடை வைத்திருந்தார். தேநீரும் பிஸ்கட்டும் தீப்பெட்டியும் விற்ற அக்கடையிலேயே ஒரு நூலகத்தையும் நடத்தினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் அங்கு நடந்தே சென்று கண்டு எழுதியபோது, அந்நூலகத்தில் இருந்தவை 160 நூல்கள். பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர் முதலியோரின் படைப்புகளோடு, நம் சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் இருந்தது. 2013-இல் 37 நூல்கள் இரவலாகச் சென்றிருந்ததை அவருடைய பதிவேடு காட்டியது. ஏறக்குறைய இருப்பில் கால் பங்கு! நம் சங்கங்களின் அலமாரிகளில் உள்ள நூல்களில் சென்ற ஆண்டு எத்தனை வெளியே சென்றன என்று எந்தச் செயலறிக்கையிலாவது அச்சிட்டிருக்கிறார்களா? கேட்டுப் பாருங்கள்.

சின்னத்தம்பி எவரையும் ஒப்பிக்கச் சொன்னதாக யாம் படிக்கவில்லை. மக்கள் வந்து அமரும் இடத்தில், கைக்கு எட்டும் தொலைவில், நல்ல கதைகளை வைத்தார். எடுத்தவர் பெயரை எழுதிக்கொண்டார். செய்தது அவ்வளவே.

இது புதிய உண்மையும் அன்று. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, நூல் இருப்பது பயன்படுவதற்கே என்பது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்த கதையையும் அவர் எடுத்துக் காட்டினார். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் சென்றது. படிப்பார் வரவில்லையே என்று அங்கே எவரும் தீர்மானம் நிறைவேற்றிக் கொண்டிருக்கவில்லை, மாட்டைப் பூட்டினர். நாம் அலமாரியைப் பூட்டினோம்.

"திறந்து வைத்தால் நூல்கள் காணாமற் போகுமே" என்று சட்டம் பேசுவார் உளர். அரசு அலுவலகத்தில் இருப்புப் பதிவேடு எழுதிப் பழகிய எமக்கு அந்த அச்சம் புரியாததன்று. ஆண்டுக்குப் பத்து நூல்கள் தொலையும் என்றே வைத்துக்கொள்வோம். பொன்னாடைச் செலவில் கால் பங்கு அதை ஈடு செய்யும். பூட்டிய அலமாரியில் கரையான் தின்றவற்றை எந்தப் பதிவேட்டில் எழுதினோம்?

ஆதலின் எம் வேண்டுகோள் மிகச் சிறியது. ஒப்பித்தல் போட்டியை ஓராண்டு நிறுத்துங்கள். அப்பணத்தில் படக்கதைகளும், துப்பறியும் கதைகளும், பேய்க் கதைகளும் வாங்குங்கள். எடுத்துச் செல்லும் பிள்ளையிடம் "என்ன கற்றாய்?" என்று கேளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், கைப்பேசியை அணைத்துவிட்டுப் பெற்றோரும் அங்கேயே ஒரு நூலோடு அமருங்கள். இம்மலர் கைக்கு வரும் வாரத்திலேயே இதனைத் தொடங்கலாம். பொருளாளர் ஊரில் இல்லையென்றால், பூட்டை உடைக்கும் கூலியைச் சில்லறைச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.