வெறுங்காலுக்கு யார் கொடுத்த நற்சான்று?

"போல் டான்ஸ் பழகுவதென்றால் வெறுங்காலோடு பழகட்டும், அது உடற்பயிற்சி. ஹீல்ஸ் போட்டு ஆடினால் அது வேறு கதை." பாரிசிலும் டொரொன்டோவிலும் வாழும் எங்கள் தீவுப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றில் இந்தத் தீர்ப்பு இப்போது நிலைத்துவிட்டது. பிள்ளையின் காணொளியைப் பார்த்துத் திகைத்த பெரியம்மாவும், இந்தக் காலத்தில் இதெல்லாம் சாதாரணம் என்று பெருந்தன்மை காட்டும் மாமாவும் கடைசியில் வந்து சேரும் சமரசம் இதுதான். கம்பத்தை மன்னித்துவிட்டார்கள். சப்பாத்தை மன்னிக்கவில்லை. ஆனி மாதம் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வந்து, குறிகட்டுவானில் படகுக்கு நிற்கும் நேரத்தில் கைபேசி கைமாறும்போதும் இதே பேச்சுத்தான்: "செய்யிறதெண்டால் வெறுங்காலோட செய் பிள்ளை, அந்தச் சப்பாத்தை மட்டும் போடாதை."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு முட்டுக்கொடுக்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தால் ஒன்றைத் தவிர எதுவும் நிற்கவில்லை. அந்த ஒன்றும், பெரியம்மா சொல்லும் காரணத்துக்காக நிற்கவில்லை.

வெறுங்காலில் ஆடுவதுதான் நம் மரபு, உயரமான பாதணி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்பது முதல் வாதம். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையைப் பிரித்தால் இது சரிந்துவிடும். மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்று மரக்கால். அவுணர்கள் பாம்பும் தேளுமாக வஞ்சனையால் உருமாறி வந்தபோது, கொற்றவை மரக்கால்களில் ஏறி நின்று அவற்றை மிதித்து ஆடியதாகச் சொல்லப்படும் ஆட்டம் அது. தரையிலிருந்து உயர்ந்து மரத்தின் மேல் நின்று ஒரு பெண்தெய்வம் ஆடிய கூத்தை நம் காப்பியம் பெருமையோடு வரிசையில் வைத்திருக்கிறது. அந்த மாதவியின் மகளைத்தான் கடல் தெய்வம் மணிபல்லவத்தில் கொண்டுவந்து விட்டது. மணிபல்லவம் எங்கள் நயினாதீவேதான் என்று மேடைதோறும் சொல்கிறோம். மகள் வந்த கதை நினைவிருக்கிறது, தாய் ஆடிய ஆட்டம் மறந்துபோய்விட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொய்க்கால் குதிரைக் கலைஞர்கள் இன்றைக்கும் கட்டைக் கால்களைக் கட்டிக்கொண்டுதான் ஆடுகிறார்கள். நேர்த்திக்காக ஆணிச் செருப்பில் ஏறி நிற்பவரை மரபை மீறியவர் என்று யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் உயரக்குதி யாருடையது? அதுவும் ஐரோப்பியப் பெண்ணின் கண்டுபிடிப்பல்ல. பாரசீகக் குதிரைவீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமல் நின்று அம்பெய்வதற்காக அணிந்தது. அவர்களிடமிருந்து பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்களுக்குப் போயிற்று. பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி சிவப்புக் குதி வைத்த சப்பாத்தோடு ஓவியத்தில் நிற்கிறான். டொரொன்டோவிலுள்ளவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டா பாதணி அருங்காட்சியகத்துக்குப் போனால் இந்த வரலாற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வெறுங்கால் நம்மிடம் இருந்தது, இருக்கிறது. ஆனால் இடம் பார்த்துத்தான். கோயில் வாசலில் கழற்றுகிறோம். நெடுந்தீவில் கருக்குமட்டை சிதறிக் கிடக்கும் வளவுக்குள் செருப்பில்லாமல் நடந்து பண்பாட்டைக் காப்பாற்று என்று யாரும் பிள்ளையை அனுப்புவதில்லை.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது: வெறுங்கால்தான் கம்பத்தில் பிடிக்கும், அதுதான் பாதுகாப்பு. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பனையைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். சீவல் தொழிலாளி செருப்பா போட்டு ஏறுகிறார் என்கிறார்கள். சாட்சி நல்ல சாட்சிதான், ஆனால் அவர் சொல்வது வேறு. அவர் வெறுங்காலோடு மட்டும் ஏறுவதில்லை. இரண்டு பாதங்களையும் பிணைக்கும் தளைநார் இல்லாமல் அவர் மரத்தில் கால் வைப்பதில்லை. பனையின் சொரசொரத்த உடலைப் பாதங்கள் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கின்றன, அவை விலகிப் போகாமல் தளைநார் நிறுத்துகிறது. அதே ஆளைச் சித்திரை விளையாட்டு விழாவில் கிறீஸ் பூசிய வழுக்குமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்துங்கள், அந்த உத்தி அங்கே உதவாது. காலில் என்ன இருக்கவேண்டும் என்பதை ஏறுகிற பரப்புத்தான் சொல்கிறது.

கம்பங்களிலும் அதே கதை. மராட்டியத்தில் வளர்ந்து இன்று விழுப்புரத்துப் பிள்ளைகள் பேர் வாங்கியிருக்கும் மல்லர் கம்பத்தில், மரத்துக்கு ஆமணக்கெண்ணெய் பூசுவார்கள், வெறுங்காலோடும் வெற்றுடம்போடும் ஏறுவார்கள். சீனக் கழைக்கூத்தில் கம்பத்துக்கு ரப்பர் உறை போடுவார்கள். அதில் வெறுந்தோல் பட்டால் உரிந்துவிடும் என்பதால் தடித்த உடையும் மெல்லிய அடியுள்ள சப்பாத்தும் போட்டுத்தான் ஏறுவார்கள். போல் நடனத்தின் கம்பமோ வழுவழுப்பான உலோகம், போட்டிகளில் 45 மில்லிமீற்றர் விட்டம் உள்ளது. அதில் துணி வழுக்கும், தோல் பிடிக்கும். ஆடை குறைவாக இருப்பதற்கு அடிப்படைக் காரணம் இந்த உராய்வுதான். மல்லர் கம்பக்காரர் கோவணத்தோடு ஏறினால் பாரம்பரிய வீரவிளையாட்டு, பெண் அரைக்காற்சட்டையோடு ஏறினால் அவமானம் என்பதற்குப் பௌதிகத்தில் விளக்கம் இல்லை.

சரி, பாதம்? ஏறும்போது ஒரு காலின் புறங்காலைக் கம்பத்துக்கு முன்னால் கொடுத்து, மற்றக் காலால் பின்னாலிருந்து நெரித்துப் பிடிப்பார்கள். வெறுங்காலில் பழகுகிறவருக்கு முதல் சில கிழமைகள் புறங்கால் கன்றிப்போகும். பளபளக்கும் வார்னிஷ் தோலால் செய்த ஹீல்ஸ் அணிந்தால் அந்தத் தோலே உலோகத்தில் ஒட்டிப் பிடிக்கும். வியர்த்த வெறுங்காலைவிட அது உறுதியான பிடி என்பது பழகியவர்களுக்குத் தெரியும். மெத்தென்ற சுவேட் தோலென்றால் வழுக்கும். ஆக, வெறுங்கால் பிடிக்கும், சப்பாத்து வழுக்கும் என்ற பொதுவிதி கிடையாது. எந்தச் சப்பாத்து, என்ன கம்பம், எவ்வளவு வியர்வை என்று கேட்கவேண்டும்.

ஆனால் இந்த வாதத்துக்குள்தான் உண்மையின் பருக்கை ஒன்று இருக்கிறது. கணுக்கால். பாதம் கீழ்நோக்கி நீண்டிருக்கும்போது கணுக்கால் எலும்பின் ஒடுங்கிய பின்பகுதிதான் மூட்டுக்குள் இருக்கும். மூட்டு அப்போது இறுக்கம் குறைந்து, பக்கவாட்டில் பிசகுவது எளிதாகிறது. கடையில் பரவலாகக் கிடைக்கும் ஒரு சோடியில் குதி 7 அங்குலம், விரலடித் தட்டு 2¾ அங்குலம். கழித்துப் பார்த்தால் பாதம் நிற்கும் சரிவு 4¼ அங்குலம்தான், பார்க்கிறவர் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஆனாலும் தரையிலிருந்து உயரம் கூடக்கூட, கால் மடங்கினால் விழும் அடியும் கூடும். எனவே புதிதாகப் பழகுகிற பிள்ளை வெறுங்காலில் தொடங்குவதே புத்தி. பாதமும் கெண்டைக்காலும் பலப்பட்டு, கீழே இறங்கத் தெரிந்த பிறகு, கணுக்காலில் வார்கட்டிய சோடியை எடுக்கலாம். நான் ஒப்புக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான். இது எலும்பு பற்றிய பேச்சு, மானத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இன்னொன்று: கம்பத்தில் தலைகீழாகத் தொங்குகிறவரின் கை நழுவினால், காலில் என்ன இருந்தது என்று கழுத்து கேட்பதில்லை.

ஹீல்ஸ் வெறும் பகட்டு, திறமை தெரிவது வெறுங்காலில்தான் என்ற மூன்றாவது வாதத்துக்கு அதிகம் மினக்கெடத் தேவையில்லை. காலின் நுனியில் பாரம் ஏறினால் அந்தக் காலைத் தூக்க வயிற்றுத் தசை கூடுதலாக வேலை செய்யவேண்டும். சந்தேகமுள்ளவர் இரண்டு காலிலும் அரைக்கிலோ மாப்பையைக் கட்டிக்கொண்டு தூக்கிப் பார்க்கட்டும். 1832-இல் பாரிசில் மரீ தாலியோனி நுனிக்காலில் நின்று ஆடிய 'லா சில்ஃபீட்'டுக்குப் பிறகு பலே நடனமே நுனிக்கால் நிலையைச் சுற்றி வளர்ந்தது. அதற்கென்று கெட்டியான முனைவைத்த சப்பாத்தும் பின்னால் உருவானது. அதை யாரும் பகட்டு என்று தள்ளவில்லை.

சர்வதேச விளையாட்டு அமைப்பே ஹீல்ஸைத் தடைசெய்திருக்கிறதே என்பார்கள். 2009-இல் உருவான சர்வதேசக் கம்ப விளையாட்டுக் கூட்டமைப்பின் விளையாட்டுப் பிரிவில் உயரக்குதிக்கு இடமில்லை என்பது சரிதான். 2017-இல் அந்த அமைப்புக்கு உலக விளையாட்டுச் சங்கங்களின் ஒன்றியத்தில் பார்வையாளர் தகுதி கிடைத்தபோது, இனி இது கௌரவமான துறை என்று பலர் மூச்சுவிட்டார்கள். ஆனால் ஒரு போட்டியின் விதி அந்தப் போட்டிக்குத்தான். கிரிக்கெட்டில் காலால் உதைத்து ஓட்டம் எடுக்க முடியாது என்பதால் உதைபந்தாட்டம் கேவலமாகிவிடாது.

இனி எல்லா வாதங்களுக்கும் அடியில் கிடக்கும் வாதம். இதைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள், குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்: அந்தச் சப்பாத்து இரவு விடுதிகளில் ஆடுகிற பெண்களுடையது.

உண்மை. அதை மறைத்து ஹீல்ஸுக்கு வக்காலத்து வாங்குவது நேர்மையாகாது. இன்றைய போல் நடனத்தின் சுழற்சிகளையும் ஏற்றங்களையும் உருவாக்கியவர்களில் பெரும்பங்கு வட அமெரிக்க விடுதிகளில் காசுக்கு ஆடிய பெண்கள். 1990-களில் மற்றப் பெண்களுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கியவர்களும் அவர்களுக்குள் இருந்தே வந்தார்கள். பிறகு உடற்பயிற்சிக் கூடங்கள் கம்பத்தை எடுத்தன, அசைவுகளை எடுத்தன, கடைசியில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இது சுத்தமானது என்றன. பத்தாண்டுக்கு முன் சமூக வலைத்தளங்களில் 'நான் விடுதி ஆட்டக்காரி அல்ல' என்று குறிச்சொல் போட்டுப் படம் பகிர்ந்தவர்களுக்கு, அந்த விடுதிப் பெண்களே 'ஆம், நான் அவள்தான்' என்று பதிற்குறிச்சொல் போட்டார்கள். ஆட்டம் வேண்டும், ஆடியவள் வேண்டாம் என்றால் அவளுக்குக் கோபம் வராதா?

எங்களுக்கு இது புதுக் கதையும் அல்ல. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் சின்னமேளம் என்று ஒன்று இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆடற்பெண்கள் சலங்கை கட்டி, வெறுங்காலோடு, சுவாமி வீதியிலே ஆடினார்கள். வெறுங்கால் அவர்களுடைய பெயரைக் காப்பாற்றியதா? ஆறுமுக நாவலர் காலத்திலிருந்தே கோயிலில் அந்த ஆட்டம் கூடாது என்ற எதிர்ப்பு எழுந்தது, இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்து, சின்னமேளம் வழக்கொழிந்தது. சென்னையில் 1935-இல் ருக்மிணி தேவி மேடையேறினார், 1936-இல் கலாக்ஷேத்திரா வந்தது, 1947-இல் தேவதாசி முறைக்குத் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சில ஆண்டுகளில் ஆட்டம் குடும்பப் பெண்களுடையதானது, பரம்பரையாக ஆடியவர்கள் மேடையின் ஓரத்துக்குப் போனார்கள். அவர்களில் மிஞ்சி நின்ற பாலசரஸ்வதி, சிருங்காரத்தைக் கழுவித் துடைக்கத் தேவையில்லை, அதுவே இந்த நடனத்தின் உயிர் என்று கடைசிவரை வாதாடினார். இன்று அதே பரதம் எங்கள் பாடசாலைகளில் சாதாரண தரப் பரீட்சைப் பாடம். பெரியம்மாவின் மகள்மாரெல்லாம் அரங்கேற்றம் செய்திருக்கிறார்கள். பாரிசுக்காரருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் ஒப்பராவின் பலே பெண்களும் பணக்காரச் சந்தாதாரர்களின் கண்ணுக்கு இரையானவர்களாகவே பேசப்பட்டார்கள். இப்போது லாச்சப்பலில் கடை வைத்திருக்கிறவர், பிள்ளையைப் பலே வகுப்பில் சேர்த்துவிட்டுப் பெருமைப்படுகிறார்.

காலில் இருந்ததையோ இல்லாததையோ வைத்து இந்த மதிப்பு ஒருபோதும் வரவில்லை. ஆடுகிறவள் யார், யாருடைய வீட்டுப் பெண், ஆட்டத்துக்கு யார் காசு கொடுக்கிறார் என்பதை வைத்தே வந்தது. வெறுங்காலில் ஆடினவளையும் தூற்றினோம், சப்பாத்தோடு ஆடுகிறவளையும் தூற்றுகிறோம். பிறகு ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இது எங்களுடையது என்கிறோம்.

ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ கம்பம் நட்டு வகுப்பு நடத்த யாரும் கிளம்பவில்லை, பயப்பட வேண்டாம். கடல் கடந்து இருக்கும் பிள்ளை பழகுகிறாள் என்றால், அவளிடம் கேட்பதற்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. கம்பத்தை மேலும் கீழும் சரியாகப் பூட்டியிருக்கிறார்களா? கீழே தடித்த மெத்தை விரிக்கிறார்களா? தலைகீழாகப் போகும்போது பிடித்துவிட ஆசிரியர் பக்கத்தில் நிற்கிறாரா? தொடக்கத்தில் கணுக்காலைப் பலப்படுத்தச் சொல்லிக்கொடுத்தார்களா? அடுத்த தொலைபேசி அழைப்பில் இவற்றைக் கேளுங்கள், பெரியம்மா. சப்பாத்தை அவள் பார்த்துக்கொள்ளட்டும்.