கடைச் சிப்பந்திக்கு ஒரு கதிரை

காணி பூமியை விட்டு வந்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று வத்தேகம, கண்டிக் கடைகளில் சிப்பந்திகள். மண்வெட்டி பிடித்த கைக்குக் கடைவேலை லேசு என்று நினைக்கிறோம். அரிசி மூட்டையைத் தனியாக முதுகில் ஏற்றுவதும், ஆட்டங்காணும் ஏணியில் நின்று பெட்டி இறக்குவதும், இரவுவரை நின்றே கால் வீங்குவதும் லேசா?

1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் கடைகளைத் தொடுவதில்லை. ஆனால் 1954இன் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இருக்கிறது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி வேலை. காற்று, வெளிச்சம், மலசலகூட வசதி முதலாளியின் பொறுப்பு. உட்காரும் உரிமையைக் கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டமாக்கின. ஒரு கதிரை போட நம் முதலாளிமாருக்குச் சட்டமா வேண்டும்?

வேலைக்குச் சேரும் நாளிலேயே நிபந்தனைகளை எழுத்தில் தரவேண்டும் என்பதும் இச்சட்டமே. "தெரிந்த முதலாளிதானே" என்று நம்மவர் கேட்பதில்லை. ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்தால் 1934ஆம் ஆண்டு வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டப்படி நட்டஈடு கோரலாம். "இவன் என் கடை ஆளே இல்லை" என்று அப்போது முதலாளி கைவிரித்தால், கடிதம் இல்லாத பிள்ளை எதைக் காட்டும்?

ஆகவே கடிதத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் தொழில் திணைக்களத்தின் கண்டிக் காரியாலயத்தில் முறையிடலாம். சிங்களத்தில் எழுதித் தந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள்.