பைக் ஃபேரிங்கில் ஸ்பீக்கர்: வாட்ஸை ஏத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பல்சர் 220எஃப் மாதிரி ஃபேரிங் வைத்த பைக் வாங்கியதும் பலருக்கும் வரும் ஆசை இது. ‘உள்ளே இவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கு, ரெண்டு ஸ்பீக்கர் மாட்டினா என்ன?’ புளூடூத் ஆம்ப்ளிஃபையரோடு முழு செட்டாகவே ஆன்லைனில் கிடைக்கிறது. மாட்டுவதும் அரை நாள் வேலைதான். ஆனால், பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு தினமும் சுமார் 30 கி.மீ. போய்வருபவருக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் வேற.

ஹார்லியில் மட்டும் இருக்கே?

இருக்கிறது. ஹார்லி டேவிட்சனின் அகலமான ‘பேட்விங்’ ஃபேரிங் 1969-லேயே வந்துவிட்டது. 2014 மாடல்களில் அதன் ஸ்பீக்கர் 5.25 இன்ச்சிலிருந்து 6.5 இன்ச்சாக வளர்ந்தது. ஹோண்டா கோல்டுவிங்கிலும் கம்பெனி ஸ்பீக்கர் உண்டு. அந்த வண்டிகளில் பேட்டரி, சார்ஜிங், ஃபேரிங் எல்லாமே ஸ்பீக்கரையும் கணக்கில் வைத்து டிசைன் செய்யப்பட்டவை. நம்ம ஊர் 100, 125 சிசி வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் 3 முதல் 5 ஆம்பியர்-மணி பேட்டரி. போதாக்குறைக்கு, 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டூவீலர்களில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது. பல்பு வண்டி என்றால் அதற்கே 35 வாட்ஸ் போய்விடும்.

இதில் 40 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரை முழு சவுண்டில் ஓடவிட்டால் மூன்றரை ஆம்பியர் வரை இழுக்கும். பாட்டு எப்போதும் உச்சத்தில் இருக்காது என்பதால் சராசரி குறைவுதான். ஆனாலும் டீக்கடையில் வண்டியை ஆஃப் செய்துவிட்டு பாட்டை மட்டும் ஓடவிட்டீங்கன்னா, கிளம்பும்போது செல்ஃப் எடுக்காது. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் ‘பீக்’, ‘பிஎம்பிஓ’ எண்களை நம்பாதீங்க. ‘ஆர்எம்எஸ்’ என்று போட்டிருப்பதுதான் நிஜக் கணக்கு.

வாட்ஸ் டபுள் ஆனா சவுண்டும் டபுளா?

இல்லை. 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு ‘ரெண்டு மடங்கு’ என்று தோன்ற சுமார் 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு பவர். அதனால் ஸ்பீக்கரின் ‘சென்சிட்டிவிட்டி’ எண்ணைப் பாருங்க. 89-க்குப் பதில் 92 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், பேட்டரியைத் தொடாமலே அந்த 3 டெசிபல் கிடைத்துவிடும்.

பேஸ் வராததற்கும் வாட்ஸ் காரணமில்லை. ஸ்பீக்கரின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் எதிரெதிர். திறந்த ஃபேரிங்கில் இரண்டும் கலந்து பேஸ் அடிபட்டுப் போகிறது. பின்னால் சின்னப் பெட்டி, ஓரத்தில் ஃபோம் வைத்து அடைத்தால் வரும் மாற்றம் பெரிய ஆம்ப்ளிஃபையரால் வராது.

அடுத்தது தூசி. அரியலூரைச் சுற்றி சிமென்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். அந்தத் தூசியோடு மழையும் சேர்ந்தால் காகிதக் கோன் சீக்கிரம் கெட்டுவிடும். பாலிபுரொப்பிலீன் கோன் பரவாயில்லை. ‘ஐபிஎக்ஸ்5’ என்று போட்டிருந்தால் அது தண்ணீருக்கு மட்டும்தான். தூசிக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பதைத்தான் அந்த ‘எக்ஸ்’ சொல்கிறது. வாங்க வேண்டியது ‘ஐபி65’ அல்லது ‘ஐபி67’.

நிஜமான சிக்கல்: லாரி

எனக்குப் பெரிய கவலை இதுதான். 80 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தமே 90 டெசிபலைத் தாண்டும். அதை மீறிப் பாட்டு கேட்கணும்னா 95-ஐ ஒட்டி வைக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்படி 94 டெசிபலுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் வரம்பு. 97 என்றால் அரை மணி நேரம். வீட்டிலிருந்து ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் அந்த நாள் கோட்டா காலி.

காது கேட்காமல் போவது வருஷக்கணக்கில் நடப்பது. சுண்ணாம்புக்கல் டிப்பர் பின்னால் வருவது நொடியில் நடப்பது. ஹார்னாவது எப்படியோ கேட்கும். டயர் சத்தம், லோடு குலுங்குகிற சத்தம், ஏர் பிரேக் ‘புஸ்’ என்பது, இதையெல்லாம் வைத்துத்தான் திரும்பிப் பார்க்காமலே ‘பக்கத்தில் வந்துட்டான்’ என்று தெரிந்துகொள்கிறோம். பாட்டு முதலில் மூடுவது இந்தச் சத்தங்களைத்தான்.

போலீஸ் பிடிப்பாங்களா?

‘பைக்கில் ஸ்பீக்கர் கூடாது’ என்று பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. ஆனால், பதிவுச் சான்றில் உள்ள விவரங்களும் உற்பத்தியாளர் குறிப்பிட்டதும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது பிரிவு 52. கேரளாவிலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது பிரிவு 182ஏ(4). ஃபேரிங்குக்குள் அடங்கும் ஸ்பீக்கரை அந்தக் கணக்கில் சேர்ப்பது கடினம் என்பது என் கருத்து. ஃபேரிங்கையே வெட்டி வேறு வடிவமாக்கினால் அப்படிச் சொல்ல முடியாது.

உண்மையில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு சத்தத்தில்தான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஆம்ப்ளிஃபையருக்கே தடை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் ஆகலாம். அங்கே பாட்டு போடுவதே குற்றம். டிஎன் 46, டிஎன் 61 எந்த வண்டியாக இருந்தாலும் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைக் கடக்கும்போது வால்யூமைக் குறைத்தே ஆகணும்.

இன்ஷூரன்ஸும் இருக்கிறது. வயரிங்கை வெட்டி ஒட்டிய வண்டி தீப்பிடித்தால் க்ளெய்ம் நிற்பது சந்தேகம். வாரண்டியும் போகலாம்.

இவ்வளவுக்கும் பிறகு மாட்டித்தான் ஆகணும்னா, பேட்டரியிலிருந்து தனி லைன் இழுத்து, பேட்டரிக்கு ஒட்டியே ஃபியூஸ் போடச் சொல்லுங்க. சாவியை ஆஃப் செய்தால் ஆம்ப்ளிஃபையரும் ஆஃப் ஆகும்படி ரிலே வேண்டும். ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயரைத் தளர்வாக விடணும். இழுத்துக் கட்டினால் அங்கேதான் முதலில் அறுந்து ஷார்ட் ஆகும். கடைசியாக வால்யூம். வண்டி ஐடிலில் நிற்கும்போது, ஹெல்மெட் போட்டபடி, பின்னால் நிற்கும் நண்பர் சாதாரணமாகப் பேசுவது கேட்கணும். அந்த அளவில் ஒரு மார்க் போட்டுக்கோங்க. 60 கி.மீ.க்கு மேல் போனால் பாட்டு கேட்காதுதான். கேட்க வேண்டாம்.